பீங்கான் கிண்ணங்களோடு ஒரு பிழைப்பு

பழைய பீங்கான் விற்கிறவளுக்கு முதல் எதிரி சிமெண்ட் தரை. இரண்டாவது எதிரி, "எம்மாம் கெட்டியா இருக்குதுன்னு பாக்கறேன்" என்று விரலை மடக்கித் தட்டிப் பார்க்கிற ஆள். வீட்டில் உடையக்கூடிய சாமான் ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டு, சமையலறையில் எது விழுந்தாலும் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற என் இனத்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் திண்டிவனம். மயிலம் ரோட்டில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் பழைய வீட்டை இடிக்கிறார்கள், ஒரு குடும்பம் காலி செய்துகொண்டு போகிறது என்று தகவல் வந்தால், நானும் என் நாத்தனார் குமுதாவும் கிளம்பிவிடுவோம். நாங்கள் தேடுவது ஊறுகாய் ஜாடி இல்லை. ஐம்பது, அறுபதுகளில் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் செய்த கிண்ணங்கள். கப்பலில் வேலை பார்த்தவர்கள், சைகோனிலிருந்து புதுச்சேரிக்குத் திரும்பியவர்கள், வெளிநாட்டு டாக்டர்கள் என்று யார் யாரோ கொண்டுவந்து இந்தப் பக்கத்து வீடுகளில் தங்கிவிட்டவை. பூ இருக்காது, கிளி இருக்காது, தங்க ஓரம் இருக்காது. ஒரே நிறம், ஒரே வளைவு, அடியில் சின்னதாக ஒரு வட்டக்கால். அவ்வளவுதான். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அடுப்பில் பால் பொங்குவது தெரியாது. சென்னை வாடிக்கையாளர்கள் இதை 'மிட் செஞ்சுரி மாடர்ன்', அதாவது போன நூற்றாண்டின் நடுவில் வந்த புதுப் பாணி, என்பார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் குமுதா என்னிடம் கேட்டாள்: "மிட் செஞ்சுரின்னா அம்பது ரன்னா அண்ணி?"

மடி மாறி வந்த கிண்ணம்

விழுப்புரத்தில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் ஒரு பெரிய கிண்ணம் வாங்கினேன். மழைக்கு முன்னால் ஏரித் தண்ணீர் ஒரு நிறத்துக்கு வருமே, அந்த நிறம். வாய் முறம் அளவுக்கு அகலம். பழைய புடவையில் சுற்றிப் பையில் போட்டுப் பேருந்து நிலையம் வந்தால், பையின் காது அறுந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம். வண்டியில் கால் வைக்க இடமில்லை. கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினேன். "இன்னாம்மா அது, அண்டாவா?" என்றார் கண்டக்டர். "பீங்கான்ணே, ஒடைஞ்சா போச்சு" என்றேன். ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மா புடவையை விலக்கிப் பார்த்தார். இரண்டு கையையும் நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அவர் விக்கிரவாண்டியில் இறங்க வேண்டியவர். இறங்கும்போது கிண்ணம் பக்கத்தில் இருந்த காலேஜ் பெண்ணின் மடிக்குப் போயிற்று. அவள் கூட்டேரிப்பட்டில் இறங்கும்போது இன்னொருவருக்கு. கூட்டத்தில் நசுங்கி நின்ற எனக்கு அதன் விளிம்பு மட்டும்தான் தெரிந்தது, ஒவ்வொரு மடியாக முன்னால் போய்க்கொண்டே இருந்தது. யாரோ டிரைவரிடம், "அண்ணே, பீங்கான் இருக்குது, பாத்து" என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு வேகத்தடை வந்தால் வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. இடம் பிடிக்கச் சண்டை போட்டுக்கொண்டு ஏறின ஜனம், முன்பின் தெரியாத ஒருத்தியின் கிண்ணத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தது. திண்டிவனத்தில் இறங்கி அதைக் கையில் வாங்கி, கீறல் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன். டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னார்: "இந்த ரூட்ல இத்தினி வருசமா ஓட்டறேன். இன்னிக்குத்தாம்மா ஒருத்தரும் என்னத் திட்டல."

நடுக் கிண்ணம்

திண்டிவனத்திலேயே ஒரு பெரியவர் இரண்டு கிண்ணங்கள் கொண்டுவந்து விற்றார். காய்ந்த வைக்கோல் நிறம், உள்ளே கருப்பு. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. சின்னதைப் பெரியதற்குள் வைத்தால் சரியாக உட்காராமல் கடகடவென்று ஆடியது. ஜோடி சேராத கிண்ணம் என்று நினைத்து, அலமாரியில் தனித்தனியாக வைத்துவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து இன்னொருவர் வந்தார். முகத்தைப் பார்த்ததும் முதலில் வந்தவரின் தம்பி என்று தெரிந்தது. அதே மூக்கு, அதே நடை. பையிலிருந்து அதே வைக்கோல் நிறத்தில் நடு அளவுக் கிண்ணம் ஒன்றை எடுத்தார். விலை பேச வாயெடுத்தவர் அலமாரியைப் பார்த்து நின்றுவிட்டார். "அண்ணன் வந்தாரா?" என்றார். "ஆமாங்க." அப்புறம்தான் சொன்னார். அவர்கள் அப்பா கப்பலில் சமையல்காரர். யோகோகாமாவிலிருந்து கொண்டுவந்த செட். அம்மா போனபிறகு பாகம் பிரித்ததில் பெரியதும் சின்னதும் அண்ணனுக்கு, நடுவில் உள்ளது இவருக்கு. பக்கத்துப் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார்கள். பேச்சு வார்த்தை இல்லை.

அலமாரியிலிருந்து இரண்டையும் அவரே எடுத்தார். பெரியதற்குள் தன்னுடையதை வைத்தார், அதற்குள் சின்னதை வைத்தார். சத்தமே இல்லை. மூன்று விளிம்பும் தண்ணீரில் கல் போட்டால் வட்டம் வருமே, அப்படி ஒன்றுக்குள் ஒன்று அமைந்துவிட்டன. செய்தவன் இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே அளவு இருக்கும்படி செய்திருக்கிறான். நடுவில் ஒன்று இல்லாததால்தான் அன்றைக்கு ஆடியிருக்கிறது. அண்ணனைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். கொஞ்சநேரம் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மூன்றையும் அப்படியே என் பக்கம் தள்ளிவைத்தார். "மூணையும் சேத்து ஒரே வூட்டுக்குக் குடுங்கம்மா. எங்களாலதான் முடியல."

எல்சா அம்மாவின் அம்மா

புதுச்சேரிக்குப் பக்கத்தில் இரும்பை என்ற ஊரில் ஒரு வெள்ளைக்கார அம்மா ஊருக்குத் திரும்பிப் போகிறார், வீட்டுச் சாமான்களைக் கொடுக்கிறார் என்று தகவல் வந்தது. பெயர் எல்சா, சொந்த நாடு டென்மார்க். மூட்டு வலி தாங்காமல் மகள் வீட்டோடு போய்விட முடிவு செய்திருந்தார். குமுதா வழியெல்லாம் இங்கிலீஷ் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். கேட்டைத் திறந்த அம்மா சொன்ன முதல் வார்த்தையில் அத்தனையும் வீண். "இந்த வெயில்ல வந்துக்கினு இருக்கீங்களே, மொதல்ல குந்துங்க, தண்ணி குடிங்க."

மேஜை மேல் கிண்ணங்களை வரிசையாக வைத்திருந்தார். வெளியே இருட்டு நீலம், உள்ளே முட்டை ஓட்டு வெள்ளை. ஒன்றைக் கவிழ்த்துக் காட்டினார். அடிக்காலுக்குப் பக்கத்தில் நீலம் படாமல் மூன்று சின்னப் பொட்டுகள். ஏதோ குறை என்று நினைத்தேன். அவருடைய அம்மா பீங்கான் தொழிற்சாலையில் வேலை செய்தவராம். சூளையில் வைப்பதற்கு முன் கிண்ணத்தை அடிக்காலில் பிடித்து நிறக் குழம்பில் முக்கி எடுப்பதுதான் வேலை. பிடித்த விரல் இருந்த இடத்தில் நிறம் ஏறாது. தொழிலாளி பெயர் போடக் கூடாது என்று கம்பெனி சட்டம். ஆனால் விரலை யார் என்ன செய்ய முடியும். "இது எங்கம்மா கை" என்றார். குமுதா மெதுவாகத் தன் விரல்களை அந்தப் பொட்டுகளில் வைத்தாள். அளவு எடுத்தமாதிரி பொருந்தியது. பிறகு நானும் வைத்துப் பார்த்தேன். எங்கேயோ கடல் தாண்டி, நாங்கள் பிறக்கும் முன்னால் வேலை செய்த ஒரு பெண்ணின் கையை, இரும்பையில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தோம்.

ஒரே ஒரு கிண்ணத்தை மட்டும் துண்டில் சுற்றித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். மற்றதெல்லாம் எங்களுக்கு. வாசல் வரை வந்து ஒரு நிபந்தனை போட்டார்: "கண்ணாடி பீரோல வச்சிப் பூட்டறவங்களுக்கு மட்டும் குடுத்துடாத. எங்கம்மா சூப்பு ஊத்தறதுக்குத்தான் புடிச்சி முக்குனாங்க."

போனில் ஒரு வாடிக்கையாளர்

படம் அனுப்பினால் ஆர்டர் எடுப்போம். சென்னையிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். புது வீடு, கிரகப்பிரவேசம், ஹாலில் வைக்க ஒரு கிண்ணம் வேண்டும். நிறம் பிடித்தது, வளைவு பிடித்தது, வயது கேட்டு ஆச்சரியப்பட்டார். அந்தக் காலத்து ஆட்கள் எப்படி இப்படி யோசித்தார்கள் என்று நாங்கள் இருவரும் மாறி மாறி வியந்துகொண்டோம். எல்லாம் முடிந்து முகவரி எழுதிக்கொள்ளப் போகும்போது கேட்டார்: "மேடம், இதே பழசு, புதுசா கிடைக்குமா?"

டீச்சர் கை

விழுப்புரத்திலிருந்து ஒருவர் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். மனைவி கணக்கு டீச்சர். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதில் உடம்பு தேறிவிட்டது, ஆனால் விரல்களுக்கு ஒரு பேஜாரு பிடித்துக்கொண்டது. குளிர்ச்சியான எதைத் தொட்டாலும் கரண்ட் அடித்தமாதிரி இருக்குமாம். முக்கியமாக எவர்சில்வர். டம்ளரைத் தொட்டால் கை உதறிப் போட்டுவிடும். பிளாஸ்டிக் வாடை வந்தால் குமட்டல். கணவர்தான் மூன்று வேளையும் ஊட்டிக்கொண்டிருந்தார். மார்க்கர் பிடிக்க முடியாமல் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தார் டீச்சர்.

விரல்களில் புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு கிண்ணத்தை நோக்கிக் கை போகும், பாதியில் திரும்பிவிடும். என்னிடம் ஒரு ஜப்பான் கிண்ணம் இருந்தது. மணல் நிறம், கனத்த சுவர், வெளிப்பக்கம் பளபளப்பில்லாமல் சொரசொரப்பாக இருக்கும். அதை எடுத்துக் காட்டலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே குமுதா அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெந்நீர் ஊற்றி வைத்து, கொட்டி, துடைத்துக் கொண்டுவந்து டீச்சர் மடியில் வைத்தாள். "தொட வாணாம் டீச்சர். சொம்மா மடியில இருக்கட்டும்" என்றாள். சூடு புடவை வழியாக மடிக்கு இறங்கியது. பிறகு டீச்சர் தலைப்பைப் பிரித்தார். ஒரு விரல் வைத்தார். இன்னொன்று. கடைசியில் இரண்டு உள்ளங்கையும் கிண்ணத்தைச் சுற்றிப் பிடித்திருந்தன. அவர் கணவர் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

குமுதா மத்தியான ரசத்தைச் சூடாக்கி, கொஞ்சம் சோறு கரைத்து ஊற்றிக்கொண்டுவந்தாள். டீச்சர் கிண்ணத்தைத் தூக்கித் தானே குடித்தார். கை உதறவில்லை, கிண்ணம் விழவில்லை. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விரல்கள் சரியாகி, இப்போது அவர் மறுபடி பள்ளிக்கூடம் போகிறார் என்று கேள்வி. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அன்றைக்குக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு அவர் கணவரிடம் சொன்னதுதான்: "இனிமே நீங்க ஊட்ட வேணாங்க. இத்தினி நாளா பாதி சோறு என் மூக்குக்குத்தான் போச்சு."

வெள்ளம் வடிந்த காலை

அந்த டிசம்பர் புயலை எங்கள் பக்கத்து ஜனம் மறக்காது. மழை நிற்கவே இல்லை. ஏரி வழிந்து தெருவுக்கு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். நானும் குமுதாவும் துணிமணி, பத்திரம் மட்டும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து மாடிக்குப் போனோம். முன்னறை முழுக்கக் கிண்ணங்கள். பலகை அடுக்கில், தரையில், மேஜையில். எதையும் எடுக்க நேரமில்லை. மாடியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றும் எப்படி உடைந்துகொண்டிருக்கும் என்று நினைத்து நினைத்து எனக்குக் காதில் சத்தமே கேட்க ஆரம்பித்துவிட்டது.

தண்ணீர் வடிந்து கதவைத் தள்ளித் திறந்தோம். கால் முழுகும் சேறு. பலகைகள் கவிழ்ந்து கிடந்தன. ஆனால் கிண்ணங்களில் பெரும்பாலானவை கவிழவில்லை. ஒன்று கட்டில்மேல் இருந்தது. ஒன்று தையல் மிஷின்மேல். ஒன்று ஜன்னல் விளிம்பில். மற்றவை சேற்றின்மேல் அங்கங்கே, எல்லாம் நிமிர்ந்தபடி, யாரோ பந்திக்கு எடுத்து வைத்தமாதிரி. தண்ணீர் மெதுவாக ஏறியிருக்கிறது. அகல வாய்க் கிண்ணங்கள் அப்படியே தூக்கிக்கொண்டு மிதந்திருக்கின்றன. வடியும்போது எது எங்கே மிதந்துகொண்டிருந்ததோ அங்கே இறங்கி உட்கார்ந்திருக்கின்றன. குறுகலானவை சில மூழ்கி, கிரைண்டரில் மோதி உடைந்திருந்தன. எல்சா அம்மாவின் நீலக் கிண்ணம் ஒன்றில் ஒரு குட்டித் தவளை உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே கால் வைக்கவே பயமாக இருந்தது, கோயிலுக்குள் செருப்போடு போவதுபோல. குமுதா முதலில் பேசினாள்: "அண்ணி, நாமதான் பயந்துக்கினு ஓடிப்போனோம். இதுங்க ரவுண்டு போய்ட்டு வந்து குந்திக்கினு இருக்குதுங்க."

தெருக் கஞ்சி

எங்கள் தெருக்கோடியில் மண்சுவர் வீடுகள் நிறையப் போய்விட்டன. தட்டுமுட்டுச் சாமான் எதுவும் மிஞ்சவில்லை. கிடைத்த அரிசியைப் போட்டு நடுத்தெருவில் கஞ்சி காய்ச்சினார்கள். எதில் ஊற்றுவது என்று நின்றபோது, நானும் குமுதாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கழுவிக் கழுவி எடுத்து வந்து வரிசையில் வைத்தோம். சென்னையில் பெரிய ஓட்டல்களுக்குப் போகவேண்டிய கிண்ணங்கள், தெரு நடுவில் ஆவி பறக்க நின்றன. வாங்கிக் கையில் பிடித்ததும் ஜனங்களின் குரல் தானாகத் தணிந்தது. உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார்கள்.

மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கும் ஏழுமலை அங்கே இருந்தார். பின்சுவர் விழுந்து வீட்டில் பாதி போய்விட்டது. மகள் மாசமாக இருந்தாள். காலையிலிருந்து அவர் சேற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குமுதா அவர் கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்தாள். வெண்ணெய் உருகி வரும்போது மஞ்சளாக இருக்குமே, அந்த நிறம். அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. பிறகு தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "இம்மாம் அழகான கிண்ணத்துல எப்பிடிங்க அழுதுக்கினே குடிக்கறது?"

திரும்பி வராத ஒன்று

சாயங்காலம் எல்லாம் கழுவி வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அந்த மஞ்சள் கிண்ணம் மட்டும் வரவில்லை. கேட்க மனம் வரவில்லை. வீடு போன ஒருவரிடம் கிண்ணத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் ஏது.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் ஏழுமலை செங்கல் சுவர் எழுப்பிவிட்டார். பால் காய்ச்சக் கூப்பிட்டிருந்தார்கள், போனேன். சுவர் ஓரமாக அவர் மகள் குழந்தையை மடியில் போட்டுக் கேப்பைக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள், மஞ்சள் கிண்ணத்தில். என்னைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது. ஏழுமலைக்கு முகம் சுருங்கிவிட்டது. வேட்டியைச் சரிசெய்துகொண்டு என் முன்னால் வந்து நின்றார். நான் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, உள்ளே குனிந்து, அந்த மஞ்சளை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் இத்தனை வருடம் அலமாரி முன்னால் நின்று பார்ப்பதும் இப்படித்தான். இருக்கட்டும் என்று கையை அசைத்தேன். ஏழுமலை குழந்தையைக் காட்டினார். "குடுத்துடலாம்னுதாங்க நெனச்சோம். வேற எதுல ஊத்திக் குடுத்தாலும் பாப்பா துப்புது."

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை மறைக்கக் கூடாது: குமுதா பாத்திரம் தேய்க்கிற வேகத்துக்கு எங்கள் வீட்டில் இன்றைக்கும் எவர்சில்வர் தட்டுதான் தாங்குகிறது.